ஏழாம் செமஸ்டர், ஜெர்மனி: ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

கோவைப் பக்கம் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த தனியார் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஐந்தாம் செமஸ்டர் தேர்வு இப்போதுதான் முடிந்தது. சிஜிபிஏ 8.2, அரியர் இல்லை. எங்கள் கல்லூரிக்கும் ஜெர்மனியில் ஒரு ஹோக்ஷூலேவுக்கும் (தொழில்சார் உயர்கல்வி நிறுவனம்) புரிந்துணர்வு ஒப்பந்தம் இருக்கிறது. ஏழாம் செமஸ்டரை அங்கே படிக்கலாம் என்கிறார்கள். மூன்று மாதம் பாடம், அடுத்த மூன்று மாதம் ஏதாவது கம்பெனியில் இன்டர்ன்ஷிப் என்று நினைத்திருக்கிறேன். “விசா மட்டும் வாங்கிடு, மத்ததை அங்கே போய்ப் பார்த்துக்கலாம்” என்கிறார் ஒரு சீனியர் அண்ணன். அப்பா கல்விக்கடனுக்குத் தயாராக இருக்கிறார். திரும்பி வந்தபின் அந்த செமஸ்டர் கணக்கில் வராமல் போய்விடுமோ என்பதுதான் பயம். எதையெல்லாம் முதலில் பார்க்க வேண்டும்?

க., சூலூர்

அன்புள்ள க.,

உங்கள் பயம் சரியான இடத்தில்தான் இருக்கிறது. அண்ணன் சொன்னதைத் தலைகீழாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளக்கூடியவை அரிசியும் சைக்கிளும்தான். மற்றதெல்லாம் சூலூரிலேயே, காகிதத்தில், கையெழுத்தோடு முடிய வேண்டும்.

முதலில் நாள்காட்டியை எடுங்கள். ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் குளிர்கால செமஸ்டர் பொதுவாக அக்டோபர் 1 முதல் மார்ச் 31 வரை, பல ஹோக்ஷூலேக்களில் செப்டம்பர் முதல் பிப்ரவரி வரை. ஹோக்ஷூலேக்களில் வகுப்புகள் செப்டம்பர் கடைசி, அக்டோபர் வாக்கில் தொடங்கி ஜனவரி கடைசி வரை ஓடும், தேர்வுகள் ஜனவரி, பிப்ரவரியில் வரும். உங்கள் ஏழாம் செமஸ்டரோ ஜூலை, ஆகஸ்டில் தொடங்கி டிசம்பரில் முடிந்துவிடும். ஜனவரியில் எட்டாம் செமஸ்டர். அதாவது அங்கே நீங்கள் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும்போது இங்கே உங்கள் வருகைப்பதிவு குறைந்துகொண்டிருக்கும். கோடைக்கால செமஸ்டர் மார்ச்சிலோ ஏப்ரலிலோ தொடங்குகிறது. அது உங்கள் ஆறாம் செமஸ்டரின் நடுவில் விழும். எந்தப் பக்கம் வெட்டினாலும் ஒரு துண்டு வெளியே நிற்கிறது.

அதற்குள் மூன்று மாத இன்டர்ன்ஷிப்பையும் திணிக்கப் பார்க்கிறீர்கள். பாடம் முடிந்து, தேர்வு முடிந்து மீதியிருப்பது அதிகம் போனால் ஐந்தாறு வாரம். ஜெர்மன் கம்பெனிகள் இதற்கு ஆள் எடுப்பதில்லை. காரணம் அவர்கள் படிப்பின் அமைப்பிலேயே இருக்கிறது. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்து ஹோக்ஷூலேக்களில் பொறியியல் இளநிலைப் படிப்பு பொதுவாக ஏழு செமஸ்டர், அதில் ஒரு முழு செமஸ்டர் தொழிற்சாலையில். அதற்குப் பெயரே ‘பிராக்சிஸ் செமஸ்டர்’. இப்படி ஐந்து, ஆறு மாதம் தங்கி வேலை பார்க்கும் உள்ளூர் மாணவர்கள் கிடைக்கும்போது, பாதுகாப்புப் பயிற்சி, மென்பொருள் அனுமதி, இயந்திரப் பழக்கம் என்று முதல் மூன்று வாரத்தை விழுங்கிவிட்டு ஆறாம் வாரம் விமானம் ஏறும் ஒருவரை ஏன் எடுப்பார்கள்? பாடமும் இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்து வேண்டுமென்றால் இரண்டு செமஸ்டர் போக வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

என்னைக் கேட்டால் பாடத்தை விடுங்கள். பாடம் பின்னால் எம்.எஸ். படிக்கும்போதும் கிடைக்கும். இன்டர்ன்ஷிப்புக்கு உங்கள் பாடத்திட்டத்திலேயே ஒரு கதவு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ஒழுங்குமுறையில் எட்டாம் செமஸ்டர் ‘ப்ராஜெக்ட் ஒர்க் / இன்டர்ன்ஷிப்’, 10 கிரெடிட். பல துறைகளின் பாடத்திட்ட அட்டவணைக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும்: ஏழாம் செமஸ்டரில் இன்டர்ன்ஷிப் போனால், ஏழாம் செமஸ்டர் பாடங்கள் எட்டாம் செமஸ்டரில் நடத்தப்படும். உங்கள் துறைக்கு அந்தக் குறிப்பு இருந்தால் ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை முழுக்க உங்கள் கையில். ஆனால் திரும்பி வரும்போது ஒரே ஒரு மாணவருக்காக யார் அந்தப் பாடங்களை எடுப்பது என்ற கேள்வி வரும். ஆகவே தனியாகப் போகாதீர்கள். வகுப்பில் இன்னும் ஏழெட்டுப் பேர் உள்ளூரிலோ ஓசூரிலோ இன்டர்ன்ஷிப் போகத் தயாராக இருந்தால் சேர்ந்து துறைத் தலைவரிடம் (எச்.ஓ.டி.) போங்கள். ஆள் சேர்ந்தால் கால அட்டவணை வளையும்.

அடுத்தது ஒரு கடிதம். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஜெர்மன் கம்பெனி உங்களிடம் கேட்கும் முதல் கேள்வி: இது கட்டாயப் பயிற்சியா, விருப்பப் பயிற்சியா? அவர்கள் சொல்லில் ‘ஃப்ளிஷ்ட்பிராக்டிகும்’, ‘ஃப்ரைவில்லிகஸ் பிராக்டிகும்’. விருப்பப் பயிற்சி மூன்று மாதத்தைத் தாண்டினால் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் பாயும், 2026-இல் மணிக்கு 13.90 யூரோ. படிப்பு விதிகள் கட்டாயமாக்கிய பயிற்சிக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நடுத்தரக் கம்பெனி ஒன்றின் மனிதவளப் பிரிவு உங்கள் விண்ணப்பத்தை எடுப்பதும் ஒதுக்குவதும் பெரும்பாலும் இந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நம் கல்லூரி அலுவலகங்கள் என்ன தருகின்றன? ஒரு போனஃபைட் சான்றிதழ், அல்லது ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று ஒரு வரி. ஆட்சேபணை இல்லாதது வேறு, கட்டாயம் என்பது வேறு. உங்களுக்கு வேண்டிய கடிதத்தில் இவை இருக்க வேண்டும்: நீங்கள் எந்தப் படிப்பில் எத்தனையாவது செமஸ்டர், இந்த இன்டர்ன்ஷிப் எந்த ஒழுங்குமுறையின்படி பட்டத்துக்குத் தேவை, அதன் பாடக் குறியீடும் கிரெடிட்டும், குறைந்தது எத்தனை வாரம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை. வாசகத்தை நீங்களே தட்டச்சு செய்து முதல்வரின் கையெழுத்துக்குக் கொண்டுபோங்கள். அலுவலகத்தை எழுதச் சொன்னால் பழைய போனஃபைட்டில் பெயரை மாற்றித் தருவார்கள். குற்றம் சொல்வதற்கில்லை, அவர்களிடம் இருக்கும் அச்சு அதுதான்.

விசா பாதையும் இந்தத் தேர்வைப் பொறுத்தே மாறும். ஜெர்மன் பல்கலைக்கழகத்தில் பதிவில்லாமல் பயிற்சிக்கு மட்டும் போகிறவருக்கு, அங்கே வேலைவாய்ப்பு ஒழுங்குமுறையின் 15-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. குறைந்தது நான்கு செமஸ்டர் முடித்திருக்க வேண்டும், வேலை படிக்கும் துறையைச் சேர்ந்ததாக இருக்க வேண்டும், 12 மாதம் வரை போகலாம். இதற்கு ‘இசட்.ஏ.வி.’ என்ற அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தின் இசைவு வேண்டும். அதைக் கேட்டு எழுத வேண்டியது கம்பெனி, நீங்களல்ல. வெளிநாட்டு மாணவரை எடுத்துப் பழக்கமில்லாத கம்பெனிகளுக்கு இது தெரியாது. வேலை உறுதியான அன்றே பணிவாக நினைவூட்டி, வாரவாரியாக என்ன வேலை என்ற பயிற்சித் திட்டத்தையும் கேட்டு வாங்குங்கள். இசைவு வந்தபின் தேசிய விசாவுக்கு விண்ணப்பம், கட்டணம் 75 யூரோ. சுற்றுலா விசாவில் போய் ‘சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறேன்’ என்று கம்பெனிக்குள் உட்காரும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஒப்பந்தம் போட்ட ஹோக்ஷூலேவை அதற்காக விட்டுவிட வேண்டியதில்லை. அங்கே ஒரு பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில் ப்ராஜெக்ட் செய்ய, பரிமாற்ற மாணவராகப் பதிவு தருவார்களா என்று கேளுங்கள். ஆய்வுக்கூட வேலை வகுப்பு நாள்காட்டிக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது. பதிவு கிடைத்தால் மாணவர் விடுதிக்கு விண்ணப்பிக்கலாம், மாணவர் காப்பீட்டுக் கட்டணம் பொருந்தும், ஒப்பந்தப்படி போகிறவருக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டெம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வருகிறவர்கள் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். ஒப்பந்தம் இல்லாமல் தனியாகப் போகிற மாணவர் அதில் மாட்டிக்கொள்வார்.

இவ்வளவுக்குப் பிறகும் பாடம்தான் படிப்பேன் என்றால், போகுமுன் ‘லேர்னிங் அக்ரிமென்ட்’டில் உங்கள் கல்லூரி, அந்தப் பல்கலைக்கழகம், நீங்கள் என மூவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். அங்கே எடுக்கும் ஒவ்வொரு பாடமும் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று அதில் குறியீட்டோடு இருக்க வேண்டும். உங்கள் கல்லூரி தன்னாட்சி பெற்றதா என்று பாருங்கள். பெற்றது என்றால் முடிவு கல்லூரிக்குள்ளேயே ஆகும். இல்லையென்றால் முதல்வர் தலையாட்டுவது போதாது, பல்கலைக்கழகத்தின் எழுத்து அனுமதி வேண்டும். புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது இரண்டு நிறுவனங்கள் கைகுலுக்கிய படம் மட்டும்தான். அதில் உங்கள் கிரெடிட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாமல் இருக்கலாம்.

கிரெடிட் கணக்கு இப்படி: ஐரோப்பாவின் பொது கிரெடிட் அலகுக்குப் பெயர் ஈ.சி.டி.எஸ்., செமஸ்டருக்கு 30. ஜெர்மனியில் ஒரு ஈ.சி.டி.எஸ். என்பது வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்த்து 30 மணி நேரம். நம்மிடம் ஒரு கிரெடிட் வாரம் ஒரு வகுப்பு மணி, 15 வாரம். அதோடு இரு மடங்கு சொந்தப் படிப்பைச் சேர்த்தால் 45 மணி. ஆக 6 ஈ.சி.டி.எஸ். பாடம் நம் 4 கிரெடிட்டுக்கு நிற்கும் என்று வாதாடலாம். 5 ஈ.சி.டி.எஸ். பாடத்தை 4 கிரெடிட்டுக்கு ஈடாகக் கேட்டால் பாடக்குழு மறுக்கும்.

மதிப்பெண் இன்னும் வம்பு. அங்கே 1.0 மிக நன்று, 4.0 தேர்ச்சிக்கு விளிம்பு. இரண்டு அளவையும் இணைக்க ஜெர்மனியில் ‘மாற்றியமைத்த பவேரியச் சூத்திரம்’ புழக்கத்தில் இருக்கிறது. உச்ச மதிப்பிலிருந்து உங்கள் மதிப்பைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி மதிப்புக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். உச்சம் 10, தேர்ச்சி 5 என்றால் உங்கள் 8.2 அங்கே 2.08. இதையே திருப்பிப் போட்டால் அவர்களின் 3.0 இங்கே 6.67 ஆகும். அங்கே 3.0 ஒன்றும் அவமானமில்லை, நிறையப் பேர் வாங்குவதுதான். ஆனால் உங்கள் சிஜிபிஏ-வை அது கீழே இழுக்கும். எந்தச் சூத்திரத்தில் மாற்றுவார்கள், இல்லை ‘தேர்ச்சி’ என்று மட்டும் பதிவார்களா என்பதை இப்போதே கேளுங்கள்.

தேர்விலும் ஒரு பொறி. இங்கே அகமதிப்பீட்டுக்கு 40 கையில் வைத்துக்கொண்டு பல்கலைக்கழகத் தேர்வுக்குப் போவீர்கள். அங்கே பெரும்பாலும் செமஸ்டர் கடைசியில் ஒரே தேர்வு, அதுவே முழு மதிப்பெண். வகுப்பில் சேர்ந்தால் தேர்வுக்கும் சேர்ந்ததாக ஆகாது. தேர்வுக்கு இணையத்தில் தனியாகப் பதிய வேண்டும். செமஸ்டர் நடுவில் சில வாரமே திறந்திருக்கும் அந்தப் பதிவைத் தவறவிட்டால், எல்லா வகுப்புக்கும் போயிருந்தாலும் எழுத விடமாட்டார்கள். தோற்றால் மறுதேர்வு பெரும்பாலும் அடுத்த செமஸ்டரில். அப்போது நீங்கள் சூலூரில் இருப்பீர்கள். இங்கே அது அரியர்.

பணத்துக்கு வருகிறேன். மாணவர் விசாவுக்கு முடக்கக் கணக்கில், அதாவது நினைத்தபோது எடுக்க முடியாமல் பணத்தைப் பூட்டி வைக்கும் வங்கிக் கணக்கில், மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 காட்ட வேண்டும். ஆறு மாதத்துக்கு 5,952. யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலே கிட்டத்தட்ட 6 லட்சம். இது மாதம் 992 வீதம்தான் வெளியே வரும், அதுவும் அங்கே வங்கிக் கணக்கு திறந்து இணைத்த பிறகு. ஆனால் முதல் பத்து நாளில் வீட்டு முன்பணம், முதல் மாத வாடகை, செமஸ்டர் பங்களிப்புத் தொகை எல்லாம் வந்து நிற்கும். முன்பணம் மட்டுமே சட்டப்படி மூன்று மாத வாடகை வரை கேட்கலாம். ஆகவே முடக்கக் கணக்குக்கு வெளியே 1,500 முதல் 2,000 யூரோ வரை தனியாக வையுங்கள். கடன் தொகையைக் கேட்கும்போதே அப்பாவிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டைக் கண்ணால் பார்க்குமுன் முன்பணம் அனுப்பச் சொல்கிறவர், ‘சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்’ என்கிறவர், இருவரும் ஒருவரே.

குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட உறுதிப் படிவம் தேவை, வாடகை ஒப்பந்தம் மட்டும் போதாது. பதிந்தபின் வரி அடையாள எண் தபாலில் வரும். அது இல்லாமல் சம்பளம் வாங்கினால் ஆறாம் வரி வகுப்பில் போட்டுக் கூடுதலாகப் பிடிப்பார்கள். பதிவு செய்த மாணவருக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி. அங்கத்திய பாடத்திட்டத்தில் கட்டாயமில்லாத இன்டர்ன்ஷிப், சம்பளமே இல்லாவிட்டாலும், இந்த நாட்களில் கழியும்.

உங்கள் வேலை இப்போது இந்த வரிசையில்: ஜனவரிக்குள் அந்த அடிக்குறிப்பும் எச்.ஓ.டி.யும் கடிதமும். ஜனவரி, பிப்ரவரியில் ஆகஸ்ட் தொடக்கத்துக்கு விண்ணப்பங்கள். இரண்டு பக்கத் தன்விவரம், மதிப்பெண் பட்டியல், கட்டாயப் பயிற்சிக் கடிதம், ஏன் இந்தக் கம்பெனி என்று ஒரு பக்கம். எல்லாக் கம்பெனிக்கும் ஒரே பக்கத்தை அனுப்பினால் முதல் பத்தியிலேயே தெரிந்துவிடும். ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலைத் தேர்ச்சி இருந்தால் இயந்திரக் கூடத்துக்குள் விடுவார்கள். இல்லையென்றால் கணினி முன்னால் சிமுலேஷன் வேலை, அதுவும் மோசமில்லை.

பயிற்சி முடியும்போது நற்சான்று கேட்டு வாங்குங்கள், கடைசி நாளுக்கு இரண்டு வாரம் முன்பே. அந்தச் சான்றுகளுக்கு ஒரு ரகசிய மொழி உண்டு. ‘எங்களுக்கு மனநிறைவு தந்தார்’ என்றால் சுமார் என்று பொருள். ‘எப்போதும் எங்களுக்கு மிக முழுமையான மனநிறைவு தந்தார்’ என்றால்தான் மிக நன்று. வாசித்துப் பார்த்துவிட்டு விமானம் ஏறுங்கள். ஏறுமுன் நகராட்சியில் முகவரியை நீக்கி, ஒலிபரப்புக் கட்டணக் கணக்கையும் (பொது வானொலி, தொலைக்காட்சிக்கு வீடுதோறும் கட்டுவது) மூடிவிடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ அங்கே ஏறிக்கொண்டே இருக்கும்.