வீடு கட்டுவோர் கேள்வி – பதில்: எந்த அளவு மிக்சர் பொருந்தும்?

கேள்வி: ஆயிரம் சதுர அடியில், மேலே கொங்கிறீட் தட்டுடன் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். தட்டுப் போடும் நாளுக்குப் ‘பத்துக்கு ஏழு’ மிக்சரை வாடகைக்கு எடுக்க வேண்டும் என்று மேசன் சொல்கிறார். 180 லீற்றர் மின்சார மிக்சர் ஒன்றை வாங்கிவிட்டால் வேலை முடியும்வரை கைவசம் இருக்கும் என்பது உறவினர் ஒருவரின் யோசனை. 180 என்பது பெரிய எண்ணாகத்தானே தெரிகிறது?
– வாசகர், நிலாவெளி

பதில்: இரண்டு எண்களும் ஒரே பொருளை அளப்பவை அல்ல. பத்துக்கு ஏழு என்றால், பத்துக் கன அடி உலர்ந்த பொருளைப் போட்டு ஏழு கன அடி, அதாவது ஏறத்தாழ 200 லீற்றர், ஈரக் கொங்கிறீட்டை எடுக்கலாம் என்பது கணக்கு. சிறிய மின்சார மிக்சர்களில் எழுதப்படும் லீற்றர் அளவு பெரும்பாலும் உருளையின் முழுக் கொள்ளளவாகும். உருளையை வாய்வரை நிரப்பினால் கலவை புரள இடமிருக்காது என்பதால், அதில் பாதியளவுதான் கலந்த கொங்கிறீட்டாகக் கிடைக்கும் என்று கொள்வது பாதுகாப்பானது. எனவே உங்கள் உறவினர் சொல்லும் 180 லீற்றர் மிக்சரிலிருந்து ஒரு தடவைக்குக் கிடைப்பது சுமார் 90 லீற்றர்தான்.

மிக்சரின் அளவை முடிவு செய்ய வேண்டியது சீமெந்துப் பைதான் என்பது என் கருத்து. 50 கிலோ பை ஒன்றின் கன அளவு 1.25 கன அடி. ஒரு பங்கு சீமெந்து, இரண்டு பங்கு மணல், நான்கு பங்கு சல்லி, அதாவது ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கு, என்ற கலவையில் ஒரு பைக்கு இரண்டரைக் கன அடி மணலும் ஐந்து கன அடி முக்கால் அங்குலச் சல்லியும் சேரும்போது மொத்தம் 8.75 கன அடி ஆகிறது. இது பத்துக்கு ஏழு மிக்சரில் தாராளமாக அடங்கி, கலந்தபின் ஏறத்தாழ 5.7 கன அடி கொங்கிறீட்டாக வரும். 12 அங்குல நீளம், 12 அங்குல அகலம், 15 அங்குல உயரத்தில் ஒரு மரப்பெட்டியை அடித்துக்கொண்டால் அதன் கொள்ளளவு சரியாக 1.25 கன அடி. ஒரு பைக்கு இரண்டு பெட்டி மணல், நான்கு பெட்டி சல்லி என்று எண்ணிப் போடலாம். 180 லீற்றர் மிக்சரிலோ அரைப் பைதான் போட முடியும். பையைக் கிழித்துக் கண்மதிப்பில் பாதி கொட்டும்போது ஒரு தடவை சீமெந்து கூடும், மறுதடவை குறையும். அந்த வேறுபாடு தட்டின் வலிமையில் இடத்துக்கு இடம் வெளிப்படும்.

அடுத்து நேரத்தைப் பாருங்கள். ஐந்து அங்குலத் தடிப்பில் ஆயிரம் சதுர அடித் தட்டுக்கு 417 கன அடி கொங்கிறீட் வேண்டும். பீம்களையும் சேர்த்து 500 கன அடி, அதாவது ஐந்து கியூப், என்று வைத்துக்கொள்வோம். ஒரு பை மிக்சரில் இது 88 தடவை. பொருள் போட்டு, குறைந்தது இரண்டு நிமிடம் சுழலவிட்டு, கொட்டி, மீண்டும் நிரப்புவது வரை ஐந்து நிமிடம் என்று கொண்டால் மணிக்குப் பன்னிரண்டு தடவை; விடியற்காலையில் தொடங்கினால் ஏழரை மணி நேரத்துக்குள் முடித்துவிடலாம். அரைப் பை மிக்சரில் 176 தடவை போட வேண்டியிருப்பதால் பதினான்கரை மணி நேரத்துக்கு மேல் செல்லும். வேலை மெதுவாக நகரும்போது, முன்பு போட்ட கொங்கிறீட்டின் ஓரம் இறுகத் தொடங்கிய பிறகே புதியது வந்து சேரும். அந்த இணைப்பு ஒட்டாமல் நின்று, பின்னர் மழைநீர் கசியும் வழியாகிவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நம் பக்கத்து வெயிலில் அந்த ஓரம் எவ்வளவு விரைவில் காய்ந்துவிடும் என்பதை நிலாவெளியில் இருப்பவருக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கடலுக்கு அருகில் கட்டுவதால், உங்கள் பொறியியலாளர் ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று என்ற செறிவான கலவையைக் கேட்கக்கூடும். கம்பியை உப்புக்காற்றிலிருந்து காக்க அது நல்லதே. ஆனால் அப்போது ஒரு பைக்குக் கிடைக்கும் கொங்கிறீட் நாலரைக் கன அடியாகக் குறைவதால் தடவைகள் 111 ஆகவும், வேலை நேரம் ஒன்பது மணித்தியாலத்துக்கு மேலாகவும் உயரும். அதற்குப் பத்துக்கு ஏழு மிக்சர் இரண்டை எடுப்பதே என் பரிந்துரை. ஒன்று பழுதடைந்தாலும் வேலை நடுவில் நிற்காது. பதினான்குக்குப் பத்து என்ற பெரிய மிக்சரை யாரேனும் சொன்னால், அது இந்தச் செறிவான கலவையில் இரண்டு பைகளைச் சரியாக ஏற்கும் என்பது உண்மைதான். ஆயினும் ஒன்றுக்கு இரண்டுக்கு நான்கில் ஒன்றரைப் பைதான் அதில் அடங்கும், மீண்டும் பை கிழிக்கும் தொல்லை வரும். ஒவ்வொரு தடவையும் கொட்டும் ஒன்பது கன அடியைத் தாச்சியில் சுமந்து மேலேற்ற ஆட்கள் இல்லாவிட்டால், அது கீழே குவிந்து காய்ந்துகொண்டிருக்கும்.

தண்ணீரையும் அளந்து ஊற்றுங்கள். ஒரு பைக்கு 25 முதல் 27 லீற்றர் வரை போதும். மணல் ஈரமாக இருந்தால் அதிலும் குறைக்க வேண்டும். கலவை இளகலாக இருந்தால் கொட்ட எளிது என்று மிக்சர் இயக்குபவர் வாளி வாளியாக ஊற்றுவதை அனுமதிக்க வேண்டாம். உவர்க் கிணற்று நீர் கம்பி வைத்த கொங்கிறீட்டுக்கு ஆகாது. நல்ல நீரைப் பவுசரில் எடுத்துத் தாங்கியில் நிரப்பி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: 550 சதுர அடி வீடுகள் சிலவற்றை, ஒன்றுக்கொன்று தள்ளியுள்ள காணிகளில் கட்டும் பொறுப்பை எடுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் ஓட்டுக்கூரை. எனக்கும் பத்துக்கு ஏழு மிக்சர்தான் வேண்டுமா?
– வாசகர், கிண்ணியா

பதில்: வேண்டியதில்லை. மேலே நிலாவெளி வாசகருக்கு வேண்டாம் என்று சொன்ன சிறிய மிக்சர் உங்களுக்குப் பொருந்தும். தட்டு இல்லாத வீட்டில் ஒரே நாளில் போட வேண்டிய பெரிய கொங்கிறீட் வேலை பெரும்பாலும் சுவர்களைச் சுற்றி வரும் பீம்தான். 120 அடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஆறு அங்குல உயரம் என்று கொண்டால் அது 45 கன அடி, அதாவது எட்டுப் பை. அரைப் பை மிக்சரில் பதினாறு தடவையில், மதியச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிடும். கண்மதிப்பில் கொட்டும் குறையைத் தவிர்க்க, 12க்கு 12க்கு ஏழரை அங்குலத்தில் சிறு பெட்டி ஒன்றைச் செய்து, சீமெந்தையும் அதிலேயே அளந்து போடுங்கள். காணிக்குக் காணி மாற்றும்போது மிக்சரை நான்கு பேர் தூக்கி லேண்ட்மாஸ்டர் (இருசக்கர உழவு இயந்திரம்) பெட்டியில் ஏற்றிவிடலாம் என்பதும் உங்களுக்கு ஒரு வசதி. மின்சாரம் இன்னும் வராத காணிகள் இருந்தால் பெற்றோல் எஞ்சின் பொருத்தியதை வாங்குங்கள். பக்கத்து வீட்டிலிருந்து நீளமான மெல்லிய வயரில் மின்சாரம் இழுத்தால் அழுத்தம் குறைந்து மோட்டார் சூடேறி எரிந்துபோகும்.

கேள்வி: எங்கள் காணி உவர்மலைச் சரிவில், ஒடுங்கிய ஒழுங்கைக்குள் இருக்கிறது. மிக்சரை எங்கே நிறுத்துவது?
– வாசகி, திருகோணமலை

பதில்: சரிவின் மேற்பக்கத்தில் இடம் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள், சுமை கீழ்நோக்கி வருவது ஆட்களுக்குப் பாதி வேலையைக் குறைக்கும். சக்கரங்களை நம்பாமல், நான்கு பக்கமும் கட்டை வைத்து மிக்சர் மட்டமாக இருக்கும்படி நிறுத்த வேண்டும். சாய்ந்து நின்றால் சல்லி ஒரு பக்கம் ஒதுங்கிக் கலவை சீராகாது. வாடகை மிக்சரின் அகலத்தை அளந்து, ஒழுங்கையின் திருப்பத்தில் அது நுழையுமா என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: கொங்கிறீட் கலந்த மிக்சரிலேயே பூச்சுச் சாந்தும் கலக்கலாமா?
– வாசகர், தம்பலகாமம்

பதில்: கலக்கலாம். சல்லி இல்லாத சாந்து உருளையின் சுவரில் ஒட்டிக்கொள்ளும் என்பதால், முதலில் சிறிது தண்ணீரை விட்டு, பிறகு மணலையும் சீமெந்தையும் சேர்த்து, வழமையைவிடச் சற்று அதிக நேரம் சுழலவிடுங்கள். வேலை முடிந்ததும் இரண்டு தாச்சி சல்லியும் ஒரு வாளி நீரும் போட்டுச் சுழற்றினால் உள்ளே ஒட்டியது கழன்றுவிடும். அன்று விட்டுவிட்டால் மறுநாள் சுத்தியலால் தட்ட வேண்டியிருக்கும். அதில் உருளை நெளிவதோடு உள்தகடுகளும் வளைந்துபோகும்.