பழைய தையல் இயந்திரம், பழைய துணி: வாங்கியவர்கள் கேட்டவையும் என் பதில்களும்

பழைய தையல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பதும் பழந்துணிகளைப் பேணுவதும் நீண்ட காலமாக என் வேலையாகவே இருந்து வருகின்றன. அண்மையில் பழம்பொருள் கடைகளிலும் சந்தைகளிலும் பொருள் வாங்கிய அன்பர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மதுரையிலிருந்து ஒரு வாசகி: கறுப்பு நிற சிங்கர் இயந்திரம் ஒன்றைப் பழம்பொருள் கடையில் பார்த்தேன். எண் 'ஈஏ' என்று தொடங்குகிறது. நூறு ஆண்டுக்கு மேற்பட்டது என்றும், உள்ளே 'சிவப்பு பாதரசம்' இருப்பதால் விலை அதிகம் என்றும் கடைக்காரர் சொல்கிறார். சக்கரம் சுழலவில்லை. வாங்கலாமா?

பதில்: பாதரசக் கதையை முதலில் ஒதுக்கிவிடுங்கள். 2009-இல் சவூதி அரேபியாவில் இதே வதந்தி பரவி, பழைய சிங்கர் இயந்திரங்களின் விலை தாறுமாறாக ஏறியது. அப்படி ஒரு பொருள் எந்தத் தையல் இயந்திரத்திலும் இருந்ததில்லை. வயதைப் பொறுத்தவரை, 'ஈஏ' வரிசை ஸ்காட்லாந்தின் கிளைடுபேங்க் ஆலைக்கு உரியது. அது 1935-இல்தான் தொடங்கியது. ஆகவே உங்கள் இயந்திரம் இன்னும் நூறு வயதை எட்டவில்லை. 1900-க்கு முற்பட்ட சிங்கர் இயந்திரங்களின் எண்ணில் எழுத்தே இருக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சக்கரம் சுழலாததைக் கண்டு அஞ்ச வேண்டாம். நம் வீடுகளில் மெஷின் ஆயில் தீர்ந்துபோனால் தேங்காய் எண்ணெயை விடும் வழக்கம் இருந்தது. அது ஆண்டுக்கணக்கில் உறைந்து பிசின்போல் இறுகிவிடும். ஊசியைக் கழற்றிவிட்டு, எண்ணெய்த் துளைகள் எல்லாவற்றிலும் சில சொட்டு மண்ணெண்ணெய் விட்டு, ஓர் இரவு அப்படியே வைத்து, மறுநாள் கைச்சக்கரத்தை முன்னும் பின்னுமாக மெதுவாக அசைத்துப் பாருங்கள், வலிந்து திருப்பாதீர்கள். ஷட்டில் (அடிநூலைத் தாங்கும் பாகம்) ஓடும் பள்ளத்தில் நூல் சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பாதி இயந்திரங்கள் அந்த ஓர் அங்குல நூலால்தான் நின்றுபோயிருக்கின்றன. இளகியதும் மண்ணெண்ணெயைத் துடைத்துவிட்டு மெஷின் ஆயில் இடுங்கள். வார்ப்பிரும்பில் விரிசல் இருந்தால் மட்டும் வாங்காதீர்கள்.

இயந்திரத்தின் மேலுள்ள பொன்னிறப் பூவேலைகளின் மேல் ஸ்பிரிட் மட்டும் படக் கூடாது. அவற்றின் மீதுள்ளது அரக்குப் பூச்சு. ஸ்பிரிட் பட்டதும் அது கரைந்துவிடும். தொடக்க காலத்தில் ஓர் இயந்திரத்தின் பூவேலை முழுவதையும் நான் அப்படித்தான் அழித்துவிட்டேன், அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை.

டொராண்டோவிலிருந்து ஒரு வாசகர்: இங்குள்ள தொண்டு நிறுவனக் கடை ஒன்றில் கட்டம் போட்ட பருத்திச் சட்டை ஒன்று கிடைத்தது. கழுத்துப் பட்டியில் 'சாயம் போகும் என்பது உறுதி' என்ற பொருளில் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறது. இது ஏதேனும் பிழையா?

பதில்: பிழையே இல்லை, இவ்வளவு நல்ல பொருள் கையில் கிடைத்ததற்கு உங்களை வாழ்த்துகிறேன். 1958-இல் அமெரிக்க இறக்குமதியாளர் வில்லியம் ஜேக்கப்சன், துணி ஏற்றுமதியாளர் கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயரிடமிருந்து சென்னைப் பகுதிக் கைத்தறிக் கட்டத்துணியை வாங்கிச் சென்றார் என்றும், பத்தாயிரம் கஜம் துணி புரூக்ஸ் பிரதர்ஸ் என்ற அமெரிக்க ஆடை நிறுவனத்தை அடைந்தது என்றும் இந்தத் துணியின் வரலாறு சொல்லப்படுகிறது. குளிர்ந்த நீரில் தனியாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களைச் சென்று சேராததால் சாயம் கலந்து புகார்கள் எழுந்தன. பின்னர் அந்தச் சாயம் கலைவதையே சிறப்பாகச் சொல்லி விளம்பரம் செய்தார்கள். ஒவ்வொரு சலவைக்கும் கட்டங்கள் ஒன்றோடொன்று கலந்து மென்மையாவதை மக்கள் விரும்பி வாங்கினார்கள். 'பிளீடிங் மெட்ராஸ்' (சாயம் கசியும் மெட்ராஸ்) என்ற பெயர் இவ்வாறு நிலைத்தது. (இந்தக் கட்டத்துணிக்குக் கடல் கடந்த வாழ்க்கை அதற்கு நெடுங்காலம் முன்பே உண்டு. நைஜீரியாவின் கலபாரி மக்கள் இதை 'இஞ்சிரி' என்று அழைத்து, சில இழைகளை மட்டும் அறுத்து உருவி, தமக்கே உரிய புதிய வடிவங்களை அதில் உண்டாக்குகிறார்கள்.)

சட்டையின் உட்புறத்தைப் பாருங்கள். நூலிலேயே சாயமேற்றி நெய்த துணி என்றால் இரு பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். அச்சிட்ட துணியின் உட்புறம் வெளிறியிருக்கும். பிறகு ஈரமான வெள்ளைத் துணியால் உள்மடிப்பில் அழுத்திப் பாருங்கள். நிறம் ஒட்டினால் சாயம் இன்னும் மிச்சமிருக்கிறது. குளிர்ந்த நீரில், ஊறவைக்காமல், தனியாகக் கையால் அலசி, நிழலில் உலர்த்துங்கள். சாயத்தை நிலைநிறுத்த உப்போ வினிகரோ சேர்க்க வேண்டாம், அதனால் பயனில்லை.

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி: தெரிந்தவர் வீட்டில் பழைய காஞ்சிபுரம் பட்டுப்புடவை ஒன்றை வாங்கினேன். சரிகை கறுத்திருக்கிறது. பழைய பட்டு வாங்க வந்தவர் வெள்ளிக்கான விலை தருகிறேன் என்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: தயவுசெய்து கொடுக்காதீர்கள். சரிகை கறுத்திருப்பதால் அதில் வெள்ளி இருக்கக்கூடும், ஆனால் செம்பும் கறுக்கும். முந்தானை ஓரத்தில் பிரிந்து நிற்கும் ஓர் இழையை எடுத்து நகத்தால் சுரண்டுங்கள். மேற்பூச்சின் அடியில் வெண்மையாகத் தெரிந்தால் வெள்ளி, செந்நிறமாகத் தெரிந்தால் செம்பு. உள்ளே சிவப்புப் பட்டு நூல் இருந்தால் அசல் சரிகை என்று பெரும்பாலும் நம்பலாம். உருக்குகிறவருக்கு அந்த வெள்ளி மட்டும்தான் கணக்கு. உடலும் கரையும் சேருமிடத்தில் பல்பல்லாகத் தெரியும் கோர்வையை நெய்ய இரண்டு பேர் ஒரே தறியில் அமர்ந்திருந்தார்கள் என்பதற்கு அவர் எடைக்கல் வைத்திருக்கவில்லை.

கறுப்பைப் போக்கப் புளியோ எலுமிச்சையோ தேய்க்காதீர்கள். மடிப்புகளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பட்டு இற்றிருந்தால் அந்த இடத்தின் அடியில் மெல்லிய மல் துணி வைத்துத் தைக்கலாம். உடல் முழுதும் இற்றுப்போயிருந்தால் கரையையும் முந்தானையையும் தனியே எடுத்து ரவிக்கைக்கோ வேறு புடவைக்கோ சேர்க்கலாம். பழைய வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள், பிளாஸ்டிக் உறை வேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள், அந்துருண்டை சரிகையைத் தொடாமல் இருக்கட்டும்.

ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்: திருப்பூர் காதர்பேட்டையில் ஏற்றுமதியில் மிஞ்சிய பனியன்கள் வாங்குகிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்: சட்டையைத் தோள்பட்டை சேர்த்து நீளவாக்கில் இரண்டாக மடியுங்கள். பக்கத் தையல் நேராகக் கீழிறங்காமல் முன்பக்கமாகத் திரும்பினால், துவைக்கத் துவைக்க அது மேலும் முறுக்கிக்கொள்ளும். அக்குள் தையலை இரு கைகளாலும் இழுத்துப் பாருங்கள், நூல் அறும் சத்தம் கேட்டால் வைத்துவிடுங்கள். கழுத்து லேபிள் வெட்டப்பட்டிருப்பது குறையல்ல.

நாகர்கோவிலிலிருந்து ஒரு வாசகி: ஒரு பெட்டி நிறைய மரக்கட்டையில் சுற்றிய பழைய நூல்கள் கிடைத்தன. தைக்கலாமா?

பதில்: ஒரு முழம் இழுத்து இரு கைகளிலும் சுற்றிச் சட்டென்று இழுங்கள். வெட்டினாற்போல் எளிதில் அறுந்தால் அந்த நூல் இயந்திரத்துக்கு ஆகாது. டாக்கா (தற்காலிகத் தையல்) போடுவதற்குப் பயன்படுத்தலாம். வெளிச் சுற்றுகள் மட்டுமே வெயிலில் நைந்திருக்கக்கூடும், ஆகவே சில சுற்றுகளைக் கழித்துவிட்டு மறுபடியும் சோதியுங்கள்.