கண் போகிற பக்கம் கிளாஸ் எடுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

டீமாகச் சேர்ந்து ஆடும் ஷூட்டிங் கேம்களில் எந்த கிளாஸ், அதாவது எந்த மாதிரி ஆள், எடுப்பது என்று கேட்டு வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். எல்லாமே நம்ம டெல்டா பக்கத்துக் கடிதங்கள். பெரும்பாலானவை டீம் ஃபோர்ட்ரஸ் 2 பற்றியவை. தெரியாதவர்களுக்கு: வால்வ் நிறுவனம் 2007-ல் வெளியிட்ட கேம் இது, 2011-லிருந்து இலவசம். இரண்டு அணி, ஒன்பது கிளாஸ்: ஸ்கவுட், சோல்ஜர், பைரோ, டெமோமேன், ஹெவி, இன்ஜினியர், மெடிக், ஸ்னைப்பர், ஸ்பை. உயிர், வேகம், ஆயுதம் எல்லாம் ஆளுக்கு ஆள் வேறு.

நாங்கள் நாலு பேர், ஒரே தெரு. லீவில் ராத்திரியானால் டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆடுவோம். நாலு பேருக்குமே ஸ்னைப்பர்தான் பிடிக்கும். நாலு பேரும் ஸ்னைப்பராகப் போய்த் தோற்றதுதான் மிச்சம். யாராவது விட்டுக்கொடுக்க வேண்டும், அது நீதான் என்கிறார்கள், ஏனென்றால் என் குறி சுமார். நான் எந்த கிளாஸ் எடுக்கட்டும் அண்ணா?
— கல்லூரி மாணவர், மன்னார்குடி

தம்பி, ‘குறி சுமார்’ என்பதை முதலில் ஓரமாக வையுங்கள். கிளாஸ் எடுக்கும்போது எல்லோரும் குறியைத்தான் பார்க்கிறார்கள். நான் கண்ணைப் பார்ப்பேன். சண்டை சூடாக நடக்கும்போது உங்கள் கண் தானாக எங்கே போகிறது? அதை வைத்து எடுங்கள். குறி ஆட ஆடத் தேறிவிடும். கண் போகிற போக்கை மாற்றுவதுதான் கஷ்டம்.

கும்பகோணத்தில் மகாமகக் குளத்துப் பக்கம் நான் பிரௌசிங் சென்டர் வைத்திருந்தபோது, பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் லேனில் (கம்ப்யூட்டர்களை ஒன்றாக இணைத்து) ஆட வருவார்கள். அதில் ஒருவன் எப்போதும் சோல்ஜர்தான். நாலு எட்டு வைப்பான், மவுஸைச் சுழற்றிப் பின்னால் பார்ப்பான், மறுபடி நாலு எட்டு. கூட வருகிறவர்கள் வந்துவிட்டார்களா என்று பார்க்கிறான். அதற்குள் முன்னாலிருந்து ராக்கெட் வந்து விழுந்துவிடும். பயந்தாங்கொள்ளி என்று பக்கத்து சீட்டில் கேலி செய்வார்கள். அது பயமே இல்லை. அவன் கண் சொந்த ஆட்கள் மேல் இருந்தது, அவ்வளவுதான். மெடிக் எடுத்துப் பார் என்றேன். மெடிக் கையில் இருக்கும் மெடிகன்னின் கதிர் ஒருவர் மேல் ஒட்டிக்கொண்டால், நாம் வேறு பக்கம் திரும்பினாலும் விடாது. அவர் ரொம்ப தூரம் போகாதவரை, நடுவில் சுவர் வராதவரை உயிர் ஏறிக்கொண்டே இருக்கும். அதனால் நல்ல மெடிக் தான் ஹீல் செய்கிற ஆளையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான், சுற்றுமுற்றும்தான் பார்ப்பான். அந்தப் பையனுக்கு அதுதான் பழக்கம். முதுகில் குத்த வரும் ஸ்பையை முதலில் பார்த்துக் கத்துகிறவன் அவன்தான் என்று ஆகிவிட்டது.

மற்ற கிளாஸ்களும் இப்படித்தான். சுடுவதை விட்டுவிட்டு எல்லோருக்கும் முன்னால் பாயிண்ட்டில் (அணிகள் பிடிக்கப் போட்டிபோடும் இடத்தில்) போய் நிற்கிறீர்களா? ஸ்கவுட் எடுங்கள். பாயிண்ட் பிடிப்பதில் ஒரு ஸ்கவுட் இரண்டு ஆளுக்குச் சமம். கண் வாசல்படி மேலும் மூலை முடுக்கு மேலும் போய், ‘இந்த வழியாகத்தான் வருவார்கள்’ என்று தோன்றுகிறதா? வெடி வைக்கும் டெமோமேன் அல்லது தானாகச் சுடும் சென்ட்ரி துப்பாக்கி கட்டும் இன்ஜினியர். நம்ம ஆள் மாதிரி ஒருவன் ஓரமாக நடந்தால் சந்தேகம் வருகிறதா? பைரோவின் தீ அந்தச் சந்தேகத்தை ஒரு நொடியில் தீர்த்துவிடும்: வேஷம் போட்ட ஸ்பை என்றால் பற்றிக்கொள்வான், நம்ம ஆளுக்கு ஒன்றும் ஆகாது. தூரத்தில் ஒரு வழியையே பார்த்துக்கொண்டு பொறுமையாக நிற்க முடிகிறவனுக்குத்தான் ஸ்னைப்பர்.

இப்போது நாலு ஸ்னைப்பர் விஷயம். ஸ்னைப்பரைக் குறைத்துச் சொல்லவில்லை. சார்ஜ் ஏற்றாமல் தலையில் அடித்தாலே 150 டேமேஜ், முழு உயிரோடு நிற்கும் மெடிக் அதில் விழுந்துவிடுவான். முழுதாக சார்ஜ் ஏற்றித் தலையில் அடித்தால் 450. மெடிக் ஏற்றிவிட்ட ஹெவியின் உச்ச உயிரே அவ்வளவுதான். ஆனால் நீங்கள் ஆடுவது பேலோட் மேப், அதாவது ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் மேப் என்றால், வண்டியின் பக்கத்தில் ஆள் நின்றால்தான் வண்டி நகரும். மூன்று பேர் வரை ஆள் கூடக் கூட வேகம் கூடும். 30 நொடி யாரும் தொடாமல் விட்டால் பின்னாலேயே உருண்டு போக ஆரம்பிக்கும். நாலு பேரும் தூரத்து மேட்டில் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அதை யார் தள்ளுவது? பொங்கலுக்கு உங்கள் ஊர்ப் பக்கம் நடக்கும் கபடியில் ஏழு பேருமே ரைடு போவேன் என்று நின்று பார்த்திருக்கிறீர்களா? கார்னரில் நிற்கிறவன் விட்டுக்கொடுத்தா அங்கே நிற்கிறான்? அவனுக்குக் கால் பிடிக்கத் தெரியும், அதனால் நிற்கிறான்.

ஆகவே ‘நீ விட்டுக்கொடு’ என்ற பேச்சையே எடுக்காதீர்கள். செத்த பிறகு மறுபடி வரும்வரை நண்பனின் பார்வையில் ஆட்டத்தைப் பார்க்கலாம் அல்லவா? அந்த நேரத்தில் ஒருத்தர் கண்ணை ஒருத்தர் கவனியுங்கள். ‘டேய், நீ எப்பவும் வாசலையே பார்க்கறே’ என்று சொல்லுங்கள். நாலு பேரில் உண்மையான ஸ்னைப்பர் ஒருவன் இருப்பான், மிஞ்சினால் இரண்டு. ஒரு ஸ்னைப்பர், ஒரு மெடிக், மெடிக்குக்கு முன்னால் நிற்க ஹெவியோ சோல்ஜரோ ஒன்று, வழியை அடைக்க டெமோமேன்: நாலு பேருக்கு இது நல்ல அமைப்பு. அப்புறம் ஒன்று. எடுத்த கிளாஸையே கடைசிவரை கட்டிக்கொண்டு அழ வேண்டியதில்லை. கிளம்பும் அறையில் இருக்கும்போது கமா பட்டனைத் தட்டினால் மாற்றிக்கொள்ளலாம். எதிரணி மூன்று சென்ட்ரி போட்டு உட்கார்ந்திருக்கும்போது ஸ்கவுட்டாகவே திரும்பத் திரும்ப ஓடிப் போய்ச் சாகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

எங்கள் ஊரில் நெட் சுமார். பிங் (சர்வருக்குப் போய் வர ஆகும் நேரம்) ஏறி ஏறி இறங்கும். மழைக்காலத்தில் கேட்கவே வேண்டாம். சோல்ஜர் ஆடினால் ராக்கெட் லேட்டாகக் கிளம்புகிற மாதிரி இருக்கிறது. என் கையில் கோளாறா, நெட்டிலா?
— பாபநாசம் வாசகர்

உங்கள் கையில் கோளாறு இல்லை. இந்த கேமில் துப்பாக்கிக் குண்டையும் ராக்கெட்டையும் சர்வர் வேறுவேறு மாதிரி நடத்துகிறது. குண்டு சுடும்போது, நீங்கள் கிளிக் செய்த நொடியில் உங்கள் திரையில் எதிரி எங்கே இருந்தான் என்று சர்வர் பின்னோக்கிப் போய்ப் பார்த்துக் கணக்குப் போடும். ராக்கெட்டுக்கும் டெமோமேனின் வெடிகுண்டுகளுக்கும் அந்தச் சலுகை கிடையாது. உங்கள் கிளிக் சர்வருக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் ராக்கெட் பிறக்கும். பிங் கூடினால் அந்தத் தாமதமும் கூடும்.

அதனால் பிங் மோசமாக இருக்கிற நாளில் ஹெவி, மெடிக், இன்ஜினியர் மூன்றில் ஒன்றை எடுங்கள். ஹெவியின் மினிகன் குண்டுதான், பரவலாகவும் விழும். மெடிக்கின் கதிர் ஒட்டிக்கொண்டால் போதும், நுணுக்கமான குறி தேவையில்லை. இன்ஜினியர்தான் இதில் நெட்டைப் பற்றி அதிகம் கவலைப்படாதவர். அவர் கட்டிய சென்ட்ரியை இயக்குவது சர்வர், உங்கள் லைன் திக்கினாலும் அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கும். டேப் பட்டனை அழுத்தினால் ஸ்கோர் பலகையில் பிங் தெரியும். அதைப் பார்த்துவிட்டு கிளாஸ் எடுங்கள். வைஃபையை விட்டுவிட்டு மோடத்திலிருந்து நேராக வயர் இழுத்துக்கொண்டாலே பாதித் தொல்லை தீரும்.

பி.எஸ்சி. படிக்கிறேன். அண்ணன், பெரியப்பா மகன்களோடு சேர்ந்து ஆடுவேன். நான் உட்கார்ந்ததுமே ‘பாப்பா, நீ மெடிக் எடு, எங்களைக் காப்பாத்து’ என்பார்கள். மெடிக் எனக்குப் பிடிக்காமல் இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவையும் நான்தானா?
— திருவாரூர் வாசகி

இல்லை தங்கச்சி. ஒவ்வொரு தடவையும் நீங்களே எடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. வீட்டில் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிற அதே குரலில் இங்கேயும் சொல்கிறார்கள் என்பது உங்கள் கடிதத்தைப் படித்தாலே புரிகிறது. அதை முதலில் நிறுத்த வேண்டும். ஒரு மேட்சுக்கு ஒருவர் என்று முறை வையுங்கள். பெரியவர் சின்னவர் பார்க்க வேண்டாம்.

உங்கள் அண்ணன்மாருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. மெடிக் எடுபிடி வேலை இல்லை. போட்டியாக ஆடும் ஆறு பேர் அணியின் வழக்கமான அமைப்பு இரண்டு ஸ்கவுட், இரண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக். அந்த ஆறு பேரும் எப்போது உள்ளே பாய்வது, எப்போது பின்வாங்குவது என்பது மெடிக்கின் ஊபர்சார்ஜ் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. அடிபட்டவர்களை விடாமல் ஹீல் செய்தால் 40 நொடியில் முழுதாக ஏறும். அதைத் திறந்தால் 8 நொடிக்கு மெடிக்குக்கும் அவர் பிடித்திருக்கும் ஆளுக்கும் எந்த அடியும் படாது. எதிரணி மெடிக்கை நம்ம ஆள் கொன்றுவிட்டால் ‘மெடிக் போச்சு, உள்ளே போ’ என்று எல்லோரும் பாய்வது அதனால்தான். நீங்கள் மெடிக்காக இருக்கும் மேட்சில் ‘எழுபது... எண்பத்தைந்து... இப்ப வா’ என்று சொல்வது உங்கள் வாயாக இருக்கட்டும், அவர்கள் கேட்கட்டும். கேட்காமல் தனியாகப் பாய்ந்து சாகிறவரின் பின்னால் ஓடாதீர்கள். இன்னொன்று: கடைசியாக அடிபட்டு 10 நொடி தாண்டிய ஆளுக்கு ஹீல் வேகம் கூடத் தொடங்கும், 15 நொடியில் மூன்று மடங்காகும். அதனால் ‘முதலில் எனக்கு’ என்று சண்டைக்கு நடுவில் கத்துகிறவரைவிட, ஒதுங்கி மறைவாக நின்று காத்திருந்தவர் சீக்கிரம் நிரம்புவார். இதை உங்கள் அண்ணன்மாருக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

உங்கள் முறை இல்லாதபோது டெமோமேன் எடுத்துப் பாருங்கள். இத்தனை நாள் பின்னால் நின்று ஆடியதால், மெடிக்கைத் தேடி எதிரிகள் எந்தச் சந்து வழியாக வருவார்கள் என்பது உங்களுக்குத்தான் அத்துப்படி. ஸ்டிக்கி குண்டு எட்டு வரை வைக்கலாம். சந்தின் வாசலில் தரையில் மட்டும் வைக்காமல், உள்ளே வருகிறவர் கண்ணில் படாதபடி வாசலுக்கு மேலேயும் பக்கவாட்டுச் சுவரிலும் ஒட்டுங்கள். காலடிச் சத்தம் கேட்டதும் வலது கிளிக் செய்தால் வெடிக்கும். யார் மெடிக்காக இருந்தாலும் அன்றைக்கு அவர் நிம்மதியாக இருப்பார்.

வேலரண்ட் கேமில் என் டீமில் மற்றவர்கள் எல்லோரும் ஜெட், ரெய்னா, ரேஸ் மாதிரி பாய்ந்து தாக்குகிற ஆட்களையே எடுக்கிறார்கள். நான் என்ன செய்ய?
— பள்ளி மாணவர், தஞ்சாவூர்

அங்கே மேட்ச் தொடங்கிய பிறகு மாற்ற முடியாது என்பதால் இன்னும் கவனம் வேண்டும். புகை போடுகிற ஆள் இல்லாமல் சைட்டுக்குள் (குண்டு வைக்கும் இடத்துக்குள்) நுழைவது பெரிய பாடு. பிரிம்ஸ்டோன் எடுங்கள். மேப்பைத் திறந்து மூன்று இடத்தில் வட்டம் வைத்தால் புகை விழுந்துவிடும், பழக சுலபம். மற்றவர்கள் வேகமாக ஓடட்டும், நீங்கள் மேப்பைப் படியுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் நான். பேரன் சொல்லிக்கொடுத்து டீம் ஃபோர்ட்ரஸ் 2 ஆடுகிறேன். கை வேகம் கிடையாது. இன்ஜினியர் எடுக்கச் சொல்கிறான். எடுத்தேன், ஆனால் ஸ்பை வந்து எல்லாவற்றையும் உடைத்துவிடுகிறான்.
— அய்யம்பேட்டை வாசகர்

ஐயா, வணக்கம். உங்கள் பேரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். கிளம்பும்போது கையில் இருப்பது 200 மெட்டல். சென்ட்ரிக்கு 130, உயிரும் மெட்டலும் தரும் டிஸ்பென்ஸருக்கு 100, ஆளை ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்கு அனுப்பும் டெலிபோர்ட்டர் ஒரு வாசலுக்கு 50. ஆகவே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கட்ட முடியாது. ஆட்டம் தொடங்குமுன் தயாராக நேரம் தரும் மேப்பில், கிளம்பும் இடத்திலேயே டெலிபோர்ட்டரின் நுழைவாசலை வைத்துவிட்டு, அங்கே இருக்கும் கேபினட்டைத் (அலமாரியை) தொட்டு மெட்டலை நிரப்பிக்கொண்டு புறப்படுங்கள். சென்ட்ரியை முழு நிலைக்கு உயர்த்த இரண்டு தடவை 200, 200 ஆகும். அதற்கு டிஸ்பென்ஸர் பக்கத்திலேயே இருந்தால் நல்லது.

ஸ்பை விஷயத்துக்கு வருகிறேன். சொந்த அணியை அடித்தால் இந்த கேமில் காயம் படாது. அதனால் உங்கள் கட்டுமானத்தை நோக்கி யார் வந்தாலும், நம்ம ஆள் மாதிரியே தெரிந்தாலும், ஷாட்கன்னால் ஒரு தடவை சுட்டுப் பாருங்கள். யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சாப்பர் (கட்டுமானத்தை உடைக்க ஸ்பை ஒட்டும் கருவி) ஒட்டப்பட்டால் ரெஞ்சால் இரண்டு அடி போதும், கழன்றுவிடும். ஆனால் அதற்கு முன் ஒரு முறை பின்னால் திரும்பிப் பாருங்கள். நீங்கள் குனிந்து ரெஞ்சைச் சுழற்றுகிற நேரத்துக்காகத்தான் அவன் முதுகுப் பக்கம் காத்திருப்பான். சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அடிக்க முடிகிற மாதிரி சென்ட்ரியை வைப்பது இன்னும் நல்லது.

பேரனை பைரோ எடுத்து உங்கள் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். பைரோவுக்கு ஹோம்ரெக்கர் என்று ஒரு சுத்தியல் உண்டு. அதன் ஒரே அடியில் சாப்பர் கழன்றுவிடும்.