தாடியஸ் ஸ்டீவன்ஸ்: அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்குப் போகும் முன் என்ன செய்தார்?

அமெரிக்காவில் அடிமை முறையை எதிர்த்த தலைவராகத்தான் ஸ்டீவன்ஸை எல்லாருக்கும் தெரியும். அதற்கு முந்தைய கதைதான் எனக்குச் சுவாரசியம்.

1792-இல் வெர்மான்டில் ஏழைக் குடும்பத்தில், ஒரு பாதம் வளைந்த நிலையில் பிறந்தவர். 1816-இல் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வக்கீல் தொழிலைத் தொடங்கினார். அங்கே ஒரு கரும்புள்ளியும் உண்டு. ஆறு மாதம் பென்சில்வேனியாவில் தங்கிய அடிமைக்கு விடுதலை என்பது மாநிலச் சட்டம். சேரிட்டி பட்லர் என்ற பெண் பல தடவை வந்து தங்கிய நாட்களைக் கூட்டிக் கணக்குக் காட்டினார். 'தொடர்ச்சியாகத் தங்கினால்தான் செல்லும்' என்று எஜமானர் தரப்பில் வாதாடியவர் ஸ்டீவன்ஸ்! 1821-இல் ஜெயித்தும்விட்டார். அந்தப் பெண்ணும் பிள்ளைகளும் அடிமைகளாகவே இருந்தார்கள். பிற்காலத்தில் தப்பியோடிய அடிமைகளுக்காக வாதாடியவரும் இதே ஆள்தான்.

1833-இல் மாநிலச் சட்டமன்ற உறுப்பினரானார். 1834-இல் வந்த இலவசப் பள்ளிச் சட்டத்தை வரிக்குப் பயந்து அடுத்த வருடமே ரத்து செய்யப் பார்த்தார்கள், மாநில மேலவையான செனட் சம்மதித்துவிட்டது. 1835 ஏப்ரல் 11 அன்று கீழவையான பிரதிநிதிகள் சபையில் ஸ்டீவன்ஸ் எழுந்தார். அந்தச் சட்டத்துக்கு முந்தைய முறையில் 'நாங்கள் ஏழைகள்' என்று பதிவு செய்தால்தான் பிள்ளைக்கு இலவசப் படிப்பு. ரத்தானால் அதே நிலைதான் திரும்பும், அதனால் இந்த ரத்து மசோதாவுக்கு 'ஏழைகளுக்கு முத்திரை குத்தும் சட்டம்' என்று பேர் வையுங்கள் என்றார். சட்டம் பிழைத்தது.

அப்புறம் 1838-இல், கறுப்பின ஆண்களின் வாக்குரிமையைப் பறித்த மாநில அரசியலமைப்பில் கையெழுத்துப் போட மறுத்தார். காங்கிரசுக்குப் போனது 1849-இல்.