நேர்முகம் முடிந்த பின்: அமெரிக்கக் குடிவரவு விசா பற்றிய வாசகர் கேள்விகளும் பதில்களும்

கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் குடிவரவு விசாவுக்கான நேர்முகத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பிய வாசகர்களின் கடிதங்களே இம்முறை அதிகமாக வந்துள்ளன. ஒன்றையொன்று ஒத்தவற்றைச் சேர்த்து, பொதுவாகப் பயன்படக்கூடியவற்றுக்கு மட்டும் இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அமெரிக்கக் குடியுரிமை பெற்ற என் மகன் எனக்காக விண்ணப்பித்திருந்தார். நேர்முகத்தில் அதிகாரி மரியாதையாகவே பேசினார். முடிவில் கடவுச்சீட்டைத் திருப்பித் தந்து, மகனின் வருமானம் போதாது, இன்னொருவரும் பொறுப்பு நிற்க வேண்டும் என்று குறித்த தாளொன்றைக் கையில் கொடுத்தார். இணையத்தில் பார்த்தால் ‘ரிஃபியூஸ்ட்’ என்று காட்டுகிறது. எல்லாம் முடிந்துவிட்டது என்று அயலவர்கள் சொல்கிறார்கள். அப்படித்தானா?
– வாசகி, கோண்டாவில்

பதில்: முடிந்துவிடவில்லை, அம்மா. நேர்முகம் நடந்த பின் விசாவை வழங்குவது, மறுப்பது என்ற இரண்டில் ஒன்றைத்தான் தூதரக அதிகாரி பதிவு செய்யலாம். ‘பிறகு பார்ப்போம்’ என்று விட்டுவைக்க அமெரிக்கச் சட்டத்தில் இடமில்லை. அதனால் ஒரேயொரு பத்திரம் குறைந்தாலும் அது குடிவரவுச் சட்டத்தின் 221(ஜி) பிரிவின் கீழ் மறுப்பாகவே பதிவாகிறது, இணையப் பக்கமும் அந்தச் சொல்லையே காட்டுகிறது. கேட்ட பத்திரம் போய்ச் சேர்ந்து, அதிகாரி திருப்தியடைந்தால் அதே விண்ணப்பத்திலேயே விசா வழங்கப்படும். ஆகவே இணையத்தில் தெரியும் சொல்லைவிட, உங்கள் கையில் தந்த தாளே முக்கியமானது. அதில் எந்தப் பிரிவு குறிக்கப்பட்டிருக்கிறது, எந்தப் பத்திரம் கேட்கப்பட்டிருக்கிறது, அதை எந்த வழியில் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள் என்ற மூன்றையும் மகனுடன் தொலைபேசியில் இருந்து வரிவரியாக வாசித்துப் பாருங்கள்.

உங்களிடம் கேட்டிருப்பது கூட்டுப் பொறுப்பாளர் ஒருவரின் ஐ-864 என்ற ஆதரவுச் சத்தியக்கடதாசி. அவர் அமெரிக்கக் குடியுரிமையோ நிரந்தர வதிவுரிமையோ உள்ளவராகவும், 18 வயது நிறைந்தவராகவும், அமெரிக்காவிலேயே வசிப்பவராகவும் இருக்க வேண்டும். உறவினராக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அவருடைய குடும்பத்தினரோடு உங்களையும் சேர்த்து எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு அமெரிக்க அரசு வகுத்துள்ள வறுமைக்கோட்டு வருமானத்தின் 125 சதவீதத்துக்குக் குறையாத வருமானம் அவருக்கு இருக்க வேண்டும். இங்கே பலர் தவறுவது இந்த எண்ணிக்கையில்தான்: மூன்று பிள்ளைகளும் வீட்டில் பெற்றோரும் உள்ள ஒருவருக்கு நல்ல சம்பளம் இருந்தாலும், தலைக்கணக்கு ஏறும்போது அது போதாமற் போகலாம். கையெழுத்திட்ட சத்தியக்கடதாசியை மட்டும் அனுப்பிவிட்டு, வருமான வரிப் பத்திரத்தையும் குடியுரிமைச் சான்றின் பிரதியையும் விட்டுவிடுவதால் இரண்டாம் தடவையும் அதே தாள் கிடைத்தவர்கள் இருக்கிறார்கள்.

கையெழுத்து வைக்க முன்வரும் உறவினருக்கு ஒரு விடயத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுவது நாகரிகம். அது முகதாட்சணியத்துக்காக இடும் கையெழுத்தல்ல. நீங்கள் அமெரிக்கக் குடியுரிமை பெறும்வரை, அல்லது அந்நாட்டுச் சமூகப் பாதுகாப்புக் கணக்கில் ஏறத்தாழ பத்து ஆண்டு வேலைக்குச் சமமான 40 காலாண்டுகள் உங்களுக்குச் சேரும்வரை, பொதுவாக அந்தப் பொறுப்பு அவரை விட்டு நீங்குவதில்லை.

கேட்ட பத்திரத்தைக் கொடுக்க மறுப்புத் திகதியிலிருந்து ஓராண்டு அவகாசம் உண்டு. அதற்குள் எதுவும் செய்யாவிட்டால் புதிதாக விண்ணப்பித்துக் கட்டணத்தையும் மறுபடி செலுத்த நேரும். ஆனால் அந்த ஓராண்டை நம்பி ஆறுதலாக இருந்துவிட வேண்டாம். மருத்துவப் பரிசோதனை பெரும்பாலும் ஆறு மாதத்துக்கே செல்லுபடியாகும். அது காலாவதியானால் பரிசோதனைக்காகக் கொழும்புக்கு இன்னொரு பயணமும் இன்னொரு செலவும் காத்திருக்கும்.

கேள்வி: என் கணவரின் நேர்முகத்தில் ‘நிர்வாகப் பரிசீலனை’ என்று சொல்லி, பதினைந்து ஆண்டு விபரங்களைக் கேட்கும் படிவமொன்றை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறார்கள். நாங்கள் இறுதி யுத்தம்வரை வன்னியில் இருந்து, பின்னர் முகாமில் இருந்தவர்கள். எந்த முகவரியை எழுதுவது? பட்டணத்திலுள்ள முகவர் ஒருவர், வன்னியில் இருந்ததையே எழுத வேண்டாம் என்றும், பணம் தந்தால் கோப்பை விரைவுபடுத்தலாம் என்றும் சொல்கிறார்.
– வாசகி, சாவகச்சேரி

பதில்: முகவரின் இரண்டு ஆலோசனைகளையும் ஒதுக்கிவிடுங்கள். நிர்வாகப் பரிசீலனையில், அதாவது நேர்முகத்துக்குப் பின் நடக்கும் மேலதிகச் சரிபார்ப்பில், உள்ள கோப்பை விரைவுபடுத்தும் வழி வெளியார் எவருக்கும் இல்லை. பணம் வாங்கிக்கொண்டு காத்திருந்து, தானாக விசா வரும் நாளில் அதைத் தன் சாமர்த்தியம் என்று சொல்வதே இத்தகையோரின் தொழில். வன்னியை மறைக்கச் சொல்வது அதைவிட ஆபத்தானது. உங்கள் கணவர் ஏற்கெனவே நிரப்பிய டி.எஸ்-260 விண்ணப்பத்தில் 16 வயதிலிருந்து வசித்த இடங்கள் எல்லாம் கேட்கப்பட்டிருக்கும். இப்போது வந்திருப்பது டி.எஸ்-5535 என்ற படிவமாக இருக்க வேண்டும். கடந்த 15 ஆண்டுகளின் முகவரிகள், வேலைகள், வெளிநாட்டுப் பயணங்கள், அவற்றுக்கான செலவை யார் ஏற்றார் என்பது, உடன்பிறந்தோர் பெயர்கள், கடந்த 5 ஆண்டுகளில் பயன்படுத்திய தொலைபேசி இலக்கங்கள், மின்னஞ்சல்கள், சமூக ஊடகக் கணக்குகள் ஆகியவற்றை அது கேட்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள் என்று எண்ணிக்கொண்டே நிரப்ப வேண்டும்.

இடம்பெயர்ந்தவருக்கு வீட்டிலக்கமும் வீதியும் எங்கே இருக்கும்? 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து தென்மராட்சிக்கும், அங்கிருந்து கிளிநொச்சிக்கும் போனவர்கள், 2009 இல் முள்ளிவாய்க்காலிலிருந்து செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்கள் ஆகியோரின் வாழ்க்கை முகவரிப் பெட்டிகளுக்குள் அடங்குவதல்ல. கிராமத்தின் பெயர், பிரதேச செயலர் பிரிவு, மாவட்டம், மாதமும் ஆண்டும் என்ற அளவில் எழுதி, ‘இடம்பெயர்ந்து தங்கியிருந்தோம்’ என்றோ ‘நலன்புரி முகாம்’ என்றோ குறித்தாற் போதும். மாதம் திட்டமாக நினைவில்லையெனில் அண்ணளவானது என்று அப்படியே எழுதலாம். முகாமில் தந்த குடும்ப அட்டையோ, மீள்குடியேற்றத்தின்போது கிராம அலுவலர் தந்த கடிதமோ இருந்தால் அதன் பிரதியை எடுத்து வைத்திருங்கள். கேட்டால் காட்ட உதவும்.

நம்மவர்களின் கோப்புகளில் இத்தகைய கேள்விகள் எழுவதற்குரிய பின்னணி தெரிந்ததே. 1997 ஒக்டோபரில் அமெரிக்கா வெளியிட்ட வெளிநாட்டுப் பயங்கரவாத அமைப்புகளின் முதற் பட்டியலிலேயே விடுதலைப் புலிகள் இயக்கம் இடம்பெற்றது. அத்தகைய அமைப்புக்குப் பணம், உணவு, தங்குமிடம், போக்குவரத்து கொடுத்ததும்கூட ‘பொருளாதரவு’ என்ற சட்டப் பிரிவுக்குள் வரக்கூடும். அச்சுறுத்தலின் பேரில் கொடுத்தவர்களுக்கு விலக்களிக்கும் அதிகாரம் அந்நாட்டு அரசுக்கு உண்டு என்றாலும், அது உரிமையாகக் கிடைப்பதல்ல. ஒவ்வொருவரின் நிலையையும் பார்த்து அவர்கள் எடுக்கும் முடிவு. இயக்கத்துக்கு வரி கட்டினோம், வெளியேற அவர்களிடம் பாஸ் எடுத்தோம், சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தோம் என்ற நிலையில் உள்ள ஒருவரிடம் எழுத்தில் கேள்வி வந்தால், அமெரிக்காவில் அனுமதி பெற்ற குடிவரவுச் சட்டத்தரணி ஒருவரிடம் காட்டிய பின்பே பதில் எழுதுவது நல்லது. அந்தச் செலவு வீண்செலவல்ல. பொய் சொன்னால் நிலை வேறு: முக்கிய விடயமொன்றைத் திரித்துக் கூறியதாகத் தூதரகம் முடிவு செய்துவிட்டால், அந்தக் காரணமே வாழ்நாள் தடையாக நிற்கும்.

எவ்வளவு காலம் எடுக்கும் என்றும் நீங்கள் கேட்டிருந்தீர்கள். கோப்புக்குக் கோப்பு மாறுபடும். சில வாரங்களில் முடிந்ததும் உண்டு, ஓராண்டைத் தாண்டியதும் உண்டு. இடையில் முகவரி, கடவுச்சீட்டு, வேலை எது மாறினாலும், பிள்ளை பிறந்தாலும் தூதரகத்துக்கு அறிவியுங்கள். மருத்துவப் பரிசோதனையை மீண்டும் செய்ய வேண்டுமா என்பதை அவர்களே சொல்வார்கள். நீங்களாக முந்திக்கொண்டு செய்யப் போனால் அதுவும் காலாவதியாகலாம்.

கேள்வி: அமெரிக்காவில் கிறீன் காட் உள்ள தந்தை, திருமணமாகாத 27 வயது மகளுக்கு விண்ணப்பித்து, நேர்முகமும் முடிந்து, விசா உறுதி என்று சொல்லிவிட்டார்கள். இதற்கிடையில் நல்ல சம்பந்தமொன்று பொருந்தி வந்திருக்கிறது. எழுத்தை (பதிவுத் திருமணத்தை) மட்டும் இப்போது வைத்துவிட்டுப் பிள்ளை போகலாமா?
– வாசகர், அச்சுவேலி

பதில்: வைக்கக் கூடாது. மகளுக்குக் கிடைக்கவிருப்பது நிரந்தர வதிவாளரின் திருமணமாகாத பிள்ளை என்ற பிரிவுக்குரிய விசா. அமெரிக்க விமான நிலையத்தில் அவர் அனுமதிக்கப்படும் கணம்வரை அவர் மணமாகாதவராகவே இருக்க வேண்டும். கிறீன் காட் உள்ளவர் மணமான பிள்ளைக்கு விண்ணப்பிக்கச் சட்டத்தில் பிரிவே இல்லை. எனவே எழுத்து வைத்த அன்றே இத்தனை ஆண்டு காத்திருந்த விண்ணப்பம் செத்துவிடும். எழுத்தை நிச்சயதார்த்தம்போல் நினைப்பது நமது வழக்கம். பதிவாளர் முன் கையெழுத்திட்டால் அது முழுத் திருமணமே. மாறாக, பதிவின்றிக் கோயிலில் தாலி மட்டும் கட்டலாமே என்றும் யோசிக்க வேண்டாம், சமயச் சடங்கின்படி நடந்த திருமணத்தையும் இலங்கைச் சட்டம் திருமணமாக ஏற்கிறது. விமான நிலையத்தில் ‘திருமணமாகிவிட்டதா’ என்று அதிகாரி கேட்பது வழமை. அங்கே சொல்லும் பொய் பின்னர் குடியுரிமை விண்ணப்பத்தில்தான் பெரும்பாலும் பிடிபடுகிறது.

மாப்பிள்ளை வீட்டாரிடம் விடயத்தை விளக்கமாகச் சொல்லுங்கள். மகள் முதலில் போய் நிரந்தர வதிவாளராக அனுமதிக்கப்பட்ட பின், ஊருக்கு வந்து மணம் முடித்து, கணவருக்கு உரிய பிரிவில் விண்ணப்பிக்கலாம். அதற்கும் காத்திருப்பு உண்டு. அதை மறைத்துச் சம்பந்தம் பேசுவதும் நல்லதல்ல.

கேள்வி: விசா ஒட்டிய கடவுச்சீட்டு கைக்கு வந்துவிட்டது. கணவர் அமெரிக்கக் குடியுரிமையாளர். எங்களுக்குத் திருமணமாகி இன்னும் இரண்டு ஆண்டு நிறையவில்லை. பயணத்துக்கு முன் எவற்றைக் கவனிக்க வேண்டும்?
– வாசகி, பருத்தித்துறை

பதில்: முதலில் விசாத் தாளிலுள்ள பெயர், பிறந்த திகதி, கடவுச்சீட்டு இலக்கம் ஆகியவற்றை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். தந்தை பெயர் முன்னும் சொந்தப் பெயர் பின்னுமாக எழுதும் நமது முறையால் இரண்டும் இடம்மாறி அச்சாவது புதிதல்ல. பயணத்துக்கு முன்பே தூதரகத்துக்கு எழுதினால் திருத்திக்கொள்ளலாம், அங்கே போன பிறகு அது மாதக்கணக்கான அலைச்சல். விசாவின் காலாவதித் திகதி அமெரிக்காவுக்குள் நுழைய வேண்டிய கடைசி நாள், கொழும்பில் விமானம் ஏறும் நாளல்ல. முத்திரையிட்ட உறையொன்றும் தந்திருந்தால் அதை எவரும் பிரிக்கக் கூடாது. ஆவணங்கள் மின்னணு முறையில் அனுப்பப்பட்டிருந்தால் உறை இராது, அதைக் காணவில்லை என்று பதற வேண்டாம்.

குடிவரவுக் கட்டணத்தை இணையத்தில் செலுத்த வேண்டும். 2024 ஏப்ரலில் அது 235 டொலராக உயர்த்தப்பட்டது. செலுத்தும் நாளில் அரச இணையப் பக்கம் காட்டும் தொகையையே பின்பற்றுங்கள். கட்டாவிட்டாலும் உள்ளே விடுவார்கள், ஆனால் கிறீன் காட் அச்சாகாது. பொதுவாக முதலில் இறங்கும் அமெரிக்க விமான நிலையத்திலேயே குடிவரவுச் சோதனை நடக்கும் என்பதால், அங்கிருந்து அடுத்த விமானத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேரமாவது இடைவெளி விட்டுப் பயணச்சீட்டு எடுப்பது புத்தி. அங்கே முத்திரை குத்தப்பட்ட விசா, ஓராண்டுக்கு நிரந்தர வதிவுரிமைச் சான்றாகவே செல்லும். எனவே அட்டை தபாலில் வரப் பிந்தினாலும் வேலையில் சேரத் தடையில்லை.

உங்கள் விசாவில் சி.ஆர்-1 என்று இருக்கும். நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டு நிறையாதிருந்தால் இரண்டு ஆண்டுக்கான நிபந்தனை அட்டையே கிடைக்கும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் கணவனும் மனைவியும் சேர்ந்து, நிபந்தனையை நீக்கக் கோரும் ஐ-751 படிவத்தைக் கொடுக்க வேண்டும். ஆகவே விசாவின் காலத்துக்குள்ளேயே உங்கள் இரண்டாம் திருமண நாள் வருகிறதா என்று பாருங்கள். வருமானால், அந்த நாள் கழிந்த பின் பயணம் செய்து, விமான நிலைய அதிகாரியிடம் திருமணச் சான்றிதழைக் காட்டி, நிபந்தனையற்ற ஐ.ஆர்-1 பிரிவில் பதியும்படி கேட்கலாம். பத்து ஆண்டு அட்டை கிடைக்கும், அந்தப் படிவத்தின் செலவும் அலைச்சலும் மிச்சமாகும். காலாவதித் திகதிக்கு மிக அருகில் என்றால் இந்தக் கணக்குப் பார்க்க வேண்டாம், ஒரு விமானம் இரத்தானால் எல்லாமே போய்விடும்.

பெட்டியில் கறிவேப்பிலையும் கறுத்தக்கொழும்பான் மாம்பழமும் வேண்டாம்; மிளகாய்த்தூளை எடுத்துச் செல்லலாம், ஆனால் சுங்கத்தில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மனைவியின் அண்ணன் விண்ணப்பித்ததில் எங்கள் நேர்முகம் முடிந்து, ‘உங்கள் விசா அங்கீகரிக்கப்பட்டது’ என்று சொல்லிக் கடவுச்சீட்டுகளையும் வைத்துக்கொண்டார்கள். மனைவியின் சீதனக் காணிக்கு நல்ல விலை கேட்கிறார்கள். இப்போதே விற்றுவிடலாமா?
– வாசகர், உடுப்பிட்டி

பதில்: கடவுச்சீட்டு விசாவோடு கைக்கு வரும்வரை விற்க வேண்டாம், வேலையையும் விட வேண்டாம். அதிகாரி வாயால் சொன்ன பின்பும் இறுதிச் சரிபார்ப்பில் கோப்பு நின்றதுண்டு. விசா வந்த பின் விற்பதாயினும், யாழ்ப்பாணத் தமிழருக்குரிய தேசவழமைச் சட்டத்தின்படி மனைவி தன் அசையாச் சொத்தை விற்கக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். ஆகையால் அவசர விலைக்குக் கொடுப்பதைவிட, நம்பிக்கையான ஒருவருக்கு நீங்கள் இருவரும் நொத்தாரிசு முன் அற்றோணித் தத்துவம் (உங்கள் சார்பில் செயற்பட அதிகாரம் அளிக்கும் பத்திரம்) எழுதி, அதைப் பதிவும் செய்துவிட்டுப் போகலாம். இவ்விசாவில் மனைவியே முதன்மை விண்ணப்பதாரர் என்பதால், நீங்களும் பிள்ளைகளும் அவருடன் சேர்ந்தோ அவருக்குப் பின்னரோதான் அமெரிக்காவுக்குள் நுழையலாம்; காணி அலுவலுக்காக எவராவது பிந்தி நிற்பதானால் அது நீங்களாகவே இருக்க வேண்டும், அதுவும் உங்கள் விசாவின் காலம் முடிவதற்குள்.