ரேகைச் சட்டமும் முத்திரையிடல் கோட்பாடும் – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் சமூகவியல் முதுகலை மாணவன். குற்றவியல் தாளில் மெர்ட்டன், லெமெர்ட், பெக்கர் ஆகிய சமூகவியலாளர்களைப் படித்தோம். ஒருவரைக் குற்றவாளி என்று சமூகம் முத்திரை குத்துவதே அவரை அந்த வழியில் தள்ளுகிறது என்னும் முத்திரையிடல் கோட்பாட்டுக்கு நம் பக்கத்துச் சான்றாக, சில சாதிகளைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய ஆங்கிலேயர் காலக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்தார்கள். எனக்கு ஓர் ஐயம். அந்தச் சட்டம் வருவதற்கு முன்பே களவு இருந்ததே! அப்படியிருக்க, முத்திரைதான் குற்றவாளியை உண்டாக்கியது என்பது குற்றத்துக்குச் சாக்குச் சொல்வதாகாதா?

– ஒரு மாணவர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஐயத்தின் முதற்பாதியை நான் மறுக்கப்போவதில்லை. மதுரைச் சீமையில் பிரமலைக் கள்ளர் பல ஊர்களுக்குக் காவல்காரர்களாக இருந்தனர். அதற்கு ஈடாகக் காவல்கூலி பெற்றனர். காவலை ஏற்க மறுத்தவரின் மாடு காணாமல் போவதும், துப்புச் சொல்வதற்கான துப்புக்கூலியைக் கொடுத்த பிறகு அது திரும்பி வருவதும் நடந்தன. 1896 வாக்கில் குடியானவர்கள் பொதுநிதி திரட்டி இந்தக் காவலை எதிர்த்து எழுந்தார்கள் என்றால், அவர்களுடைய இழப்பு உண்மையானது என்றுதான் பொருள். களவே நடக்கவில்லை என்று சொல்லி ஒரு சமூகத்துக்கு நியாயம் தேடுவது அந்தக் குடியானவர்களுக்கு இழைக்கும் அநீதி.

ஆனால் முத்திரையிடல் கோட்பாடு களவின் தொடக்கத்தை விளக்க வந்ததன்று. எட்வின் லெமெர்ட் 1951இல் பிறழ்வை, அதாவது சமூக விதியை மீறுவதை, முதல்நிலைப் பிறழ்வு, இரண்டாம்நிலைப் பிறழ்வு என்று பிரித்துச் சொன்னதை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். முதல்நிலைப் பிறழ்வுக்குப் பசி, பகை, பழக்கம், பேராசை என்று காரணங்கள் ஆயிரம் இருக்கலாம். சமூகம் ஒருவரைக் குற்றவாளி என்று பெயரிட்ட பிறகு, அந்தப் பெயரைச் சுற்றியே அவர் தம் வாழ்க்கையை அமைத்துக்கொள்ள நேர்வதுதான் இரண்டாம்நிலைப் பிறழ்வு. ஹோவர்ட் பெக்கர் 1963இல் இன்னும் ஒரு படி மேலே சென்று, பிறழ்வு என்பது செயலுக்குள் இருக்கும் குணமன்று, விதியை வகுப்பவர்கள் அதை யார்மீது ஏவுகிறார்கள் என்பதில் பிறப்பது என்றார். ஆகவே 'திருடினார்களா' என்ற கேள்வியோடு, 'சட்டம் எதைப் பதிவு செய்தது' என்பதையும் நாம் கேட்க வேண்டும்.

1871இல் வடஇந்தியாவுக்கென இயற்றப்பட்ட குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் திருத்தி விரிக்கப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சாதியையோ குழுவையோ குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்தால், அறிவிக்கை வெளியானதே போதிய சான்று. எந்த நீதிமன்றமும் அதைக் கேள்வி கேட்க முடியாது. பதிவேட்டில் ஏறியவர் களவு செய்யப்போகிறார் என்று கருதத்தக்க நிலையில் எங்கேனும் காணப்பட்டாலே மூன்றாண்டு வரை சிறை. பட்டியலிடப்பட்ட குற்றங்களுள் ஒன்றுக்காக இரண்டாம் முறை தண்டிக்கப்பட்டால் பொதுவாக ஏழாண்டுக்குக் குறையாத சிறை. மூன்றாம் முறை நாடு கடத்தல். நெசவாளியின் மகன் நெசவாளி ஆவதுபோலத் திருடனின் மகன் திருடன் ஆவான் என்ற எண்ணம்தான் இதன் அடித்தளம். செயல் நடப்பதற்கு முன்பே செய்தவர் யார் என்று எழுதிவைத்த சட்டம் இது. பெக்கர் தம் கோட்பாட்டை எழுதுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே அது அரசாணையாக நடைமுறையில் இருந்தது.

மக்கள் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். கைரேகை வைத்தவர் இரவில் குறித்த இடத்துக்கு வந்து முகம் காட்ட வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு என்ற அனுமதிச் சீட்டு வேண்டும். அறுவடைக் காலத்தில் பக்கத்து ஊருக்குக் கூலிக்குப் போக நினைப்பவரை எண்ணிப் பாருங்கள். சீட்டைக் காட்டினால் குற்றப் பரம்பரை என்று தெரிந்து வேலை கிடைக்காது. சீட்டு இல்லாமல் போனால் அதுவே குற்றம். நேர்மையான பிழைப்புக்கான வாசல்கள் சட்டத்தாலேயே அடைபடும்போது, லெமெர்ட் சொன்ன இரண்டாம்நிலைப் பிறழ்வுக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

நீங்கள் குறிப்பிட்ட மெர்ட்டனுக்கும் இங்கே இடமுண்டு. சமூகம் விதிக்கும் இலக்குக்கும் அதை அடையக் கிடைக்கும் வழிக்கும் இடையிலான பிளவைப் பற்றி அவர் 1938இல் எழுதினார். கொறவரின் கதையை அதோடு வைத்துப் பார்க்கலாம். கடற்கரை உப்பை உள்நாட்டுக்குப் பொதியேற்றிச் சென்று தானியத்துக்கு மாற்றியவர்கள் அவர்கள். காலனி அரசின் உப்புக் கொள்கையும் இருப்புப்பாதையும் அந்த வணிகத்தை முறித்தன. வனச் சட்டங்கள் காட்டுப்பொருளையும் எட்டாமல் செய்தன. பிழைப்பைப் பறித்த அதே அரசுதான், பிழைப்பில்லாமல் அலைகிறவர்கள் என்று சந்தேகித்து அவர்களைப் பதிவேட்டில் ஏற்றியது.

சாக்கு என்ற உங்கள் சொல்லுக்கு வருகிறேன். அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் 1949இல் 70 பெரிய நிறுவனங்களை ஆராய்ந்து, அவற்றுக்கு எதிராக 980 தீர்ப்புகளும் ஆணைகளும் இருந்ததைக் காட்டினார். அந்த நிறுவனங்களை நடத்தியவர்களின் பிள்ளைகள் பிறப்பால் குற்றவாளிகள் என்று எந்த அரசும் எழுதவில்லை. செயலுக்குத் தண்டனை தருவது வேறு, பிறப்புக்குத் தருவது வேறு. இந்த வேறுபாட்டைக் காட்டுவது எப்படிச் சாக்காகும்?

எனினும் இந்தக் கோட்பாட்டோடு எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. முத்திரை குத்தும் கையைக் கூர்ந்து பார்க்கும் இது, குத்தப்படுபவரை மெழுகுபோல் எண்ணிவிடுகிறது. உசிலம்பட்டி வட்டாரத்துப் பெருங்காமநல்லூரின் பிரமலைக் கள்ளர் மக்கள் மெழுகாக இருக்கவில்லை. கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்து நின்ற அவர்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் இறந்தார்கள், அவர்களுள் மாயக்காள் என்ற பெண்ணும் ஒருவர். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார்; அவரை அவர்கள் ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். தம்மீது எழுதப்பட்ட பெயரை மறுத்தவர்கள், தமக்காக நின்றவருக்கு அன்பால் ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள். உங்கள் பாடத்தாளில் இதற்கு இடம் இல்லையென்றால், ஆய்வேட்டில் நீங்கள் இடம் கொடுங்கள்.

சென்னை மாகாணத்தில் 1947இல் நீக்கப்பட்ட இந்தச் சட்டம் 1952 ஆகஸ்ட் 31 அன்று நாடு முழுவதும் முடிவுக்கு வந்தது. ஆனால் 1948லேயே சென்னையில் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்துவிட்டது. சாதியின் பெயர் போய்த் தனிமனிதரின் பெயர் வந்தது என்பது பெரிய மாற்றம்தான். ஆயினும் பழைய பட்டியலிலிருந்த குடும்பங்களையே போலீஸ் முதலில் தேடிப் போகும் வழக்கம் அதனால் நின்றுவிடவில்லை. 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், சிறைக் கையேடுகளில் இருந்த சாதிவாரி வேலைப் பிரிவினையோடு, முன்பு குற்றப் பரம்பரைப் பட்டியலில் இருந்த சமூகங்களான சீர்மரபினரை வழக்கமான குற்றவாளிகளாகச் சுட்டிய விதிகளையும் செல்லாதென்றது. அந்தத் தீர்ப்பை முழுமையாகப் படியுங்கள். அதில் மேற்கோளாக வரும் விதிகளை 1911 சட்டத்தின் பிரிவுகளோடு அருகருகே வைத்து ஒப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்