வாசகர் கேள்வி: ஏன் இரண்டிரண்டு பேராக?

கேள்வி: இயேசு 12 சீடர்களை இரண்டிரண்டு பேராக அனுப்பினார் என்கிறது பைபிளின் மாற்கு நற்செய்தி (6:7). தனித்தனியே போயிருந்தால் இரு மடங்கு ஊர்களுக்குப் போயிருக்கலாமே?

பதில்: ஊர்க் கணக்கு சரிதான். ஆனால் போனவர்கள் இயேசுவின் செய்திக்குச் சாட்சிகள். ஒரே சாட்சியின் வாக்கை வைத்து எவரையும் குற்றவாளி என்று தீர்க்கக் கூடாது, இரண்டு மூன்று பேர் வேண்டும் என்பது யூதரின் சட்டநூலான உபாகமம் 19:15. அந்தச் சட்டத்தில் வளர்ந்த ஊர்களில் தனி ஆளின் பேச்சு எடுபடுவது கடினம்.

பயண ஏற்பாட்டையும் பாருங்கள். ஒரு தடி, பாதரட்சை; பை, அப்பம், கச்சையில் காசு எதுவும் கிடையாது. கிடைத்த வீட்டில்தான் தங்க வேண்டும். அந்த நிலையில் ஒருவர் காய்ச்சலில் விழுந்தால் கவனிக்க யார்?

பின்னாளில் ஊர் ஊராகப் பிரசங்கித்த பவுலின் பயணங்களில் இது கண்கூடு. லீஸ்திராவில் கல்லெறிபட்டவர் மறுநாளே துணைவர் பர்னபாவுடன் தெர்பைக்குப் புறப்பட்டார். பிலிப்பியில் அவரும் பின்னர் துணையாக வந்த சீலாவும் சேர்ந்தே அடிபட்டு, தொழுமரத்தில் (கால்களைப் பூட்டும் கட்டையில்) மாட்டப்பட்டார்கள். ஏதென்ஸில் தனித்திருந்தபோதோ, சீலாவும் தீமோத்தேயுவும் சீக்கிரம் வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார். கொரிந்துவில் கூடாரத் தொழில் செய்துகொண்டு ஓய்வுநாள்தோறும் ஜெப ஆலயத்தில் பேசியவர், அவ்விருவரும் வந்தபின் பிரசங்கத்திலேயே முழுமூச்சாக இறங்கினார். எனக்கு இதுவே வலுவான சான்று.

இணை உடைவதும் உண்டு. முன்பு உதவியாளராக வந்து பெர்கேயில் பாதியில் திரும்பிய மாற்குவை மறுபடி அழைத்துச் செல்வதா என்று பவுலும் பர்னபாவும் கடுமையாக மோதிப் பிரிந்தார்கள். அப்போதும் தனியே போகவில்லை: பர்னபா மாற்குவுடன் சீப்புரு (சைப்ரஸ்) தீவுக்கு, பவுல் சீலாவுடன் சீரியா, சிலிசியாவுக்கு.